நிற்கும் துரியோதனன்

கண்ணாயிரம் இதுவரை முப்பத்தொரு துரியோதனன்களைச் செய்திருந்தார். அவற்றில் ஒன்றுகூடப் பிற்பகலைப் பார்த்ததில்லை.

எங்கள் ஊர், திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகும் சாலையிலிருந்து பிரிந்து ஏரிக்கரையோடு உள்ளே போனால் வரும். திரௌபதி அம்மன் கோவிலில் வைகாசியில் பாரதம் நடக்கும். முடிகிற நாள் படுகளம். அன்று காலை கோவில் மைதானத்தில் நாற்பத்திரண்டு அடி நீளத்துக்குத் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். ஏரி மண்ணால் ஆனவன். பத்தரை மணிக்குக் கூத்துக்காரப் பீமன் வந்து அவனுடைய இடது தொடையில் கதையால் அடிப்பான். தொடைக்குள் புதைத்திருக்கும் மண் கலயம் உடைந்து குங்குமத் தண்ணீர் பீறிடும். அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிவாள். பிறகு ஊரே துரியோதனன் மேல் விழும். விரல், மூக்கு, மீசை என்று ஆளுக்கொரு கட்டி மண். மாட்டுக்கொட்டகையில் வைத்தால் மாட்டுக்கு நல்லது, நெல்லோடு வைத்தால் நெல்லுக்கு நல்லது. பதினோரு மணிக்கு மைதானத்தில் ஈரத்தடம் மட்டும் இருக்கும்.

அந்த நேரத்தில் கண்ணாயிரம் வீட்டில் கை கழுவிக்கொண்டிருப்பார். உடைப்பதை அவர் பார்ப்பதில்லை.

மூன்று நாள் வேலை. தனியாகத்தான் செய்வார். கடைசியாகக் கண். இரண்டு பழைய முறங்களைக் கவிழ்த்துச் சுண்ணாம்பு பூசி, நடுவில் விளக்குக் கரியால் கருவிழி வைப்பார். கண் திறந்துவிட்டால் துரியோதனனுக்கு உயிர் வந்துவிட்டதாகக் கணக்கு. அப்புறம் யாரும் அவனைத் தாண்டிப் போகமாட்டார்கள். உயிர் வந்தவனுக்கு அன்றைக்கே தொடை உடையவேண்டும். அதுதான் முறை. அந்தக் கண்கள் வானத்தைப் பார்த்திருக்கும். காக்கைகளைத் தவிர வேறு யாரும் அவற்றை நேருக்கு நேர் பார்த்ததில்லை.

வருஷத்தின் மற்ற நாட்களில் அவர் கொத்தனார். ஏரிக்கரை ஓரம் ஓர் அறை வீடு. கல்யாணம் ஆகவில்லை. இருபத்தெட்டு வயதில் கருங்குழியில் ஒரு பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா மாப்பிள்ளைக்கு வேறு என்ன தொழில் தெரியும் என்று கேட்டார். சிலை செய்வேன் என்றார் கண்ணாயிரம். அந்த மனிதருக்குச் சிலைகள் பிடிக்கும். எங்கே இருக்கிறது, ஒரு நாள் வந்து பார்க்கிறோம் என்றார். கண்ணாயிரம் யோசித்துப் பார்த்து, கொஞ்சம் மூக்கு ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருக்கலாம் என்று உண்மையைச் சொன்னார்.

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் ஒன்று மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது. ஒன்றே ஒன்று நிற்கவேண்டும். யாராவது கேட்டால் கையை நீட்டி, அதோ என்று சொல்லவேண்டும்.

அந்த ஒன்று சந்திரம்மா மூலம் வந்தது. சந்திரம்மா எங்கள் ஊர்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் புதிதாக வந்த விடுதியில் அறை சுத்தம் செய்கிறாள். அங்கே மேனேஜர் ஹேமந்த் என்ற இளைஞன். வாசலில் வைக்க உள்ளூர் விஷயமாக ஏதாவது வேண்டும் என்று அவன் அலைந்துகொண்டிருந்தபோது, போன வருஷப் படுகளத்தின் வீடியோவைத் தன் போனில் காட்டியிருக்கிறாள். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் கண்ணாயிரத்தின் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள்.

“சூப்பர்ண்ணா. இதே மாதிரி ஒண்ணு எங்க என்ட்ரன்ஸ்ல வேணும்” என்றான் ஹேமந்த். “கல்லு வேணாம். அந்த ரோட்டுல எல்லா ரிசார்ட்லயும் கல்லு யானை நிக்குது.”

“படுக்க வைக்க எடம் கீதா?”

“படுக்கவா? நிக்கணும்ண்ணா. படுத்திருந்தா கெஸ்ட் தடுக்கி விழுவாங்க.”

கண்ணாயிரம் தன் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “ஒடைப்பீங்களா?”

“எதை?”

“அவனைத்தான்.”

ஹேமந்த் சந்திரம்மாவைப் பார்த்தான். “எதுக்குண்ணா ஒடைக்கணும்? பத்து வருஷமாவது நிக்கணும். கடல் காத்து வேற. நீங்க கேரண்டி குடுக்கணும்.”

கண்ணாயிரத்திடம் இதற்கு முன் யாரும் கேரண்டி கேட்டதில்லை. அவர் எழுந்து உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார்.

“நிக்கும்” என்றார்.

சிமெண்டு அவருக்குப் பழக்கம்தான். பதினான்கு அடி உயரம், உள்ளே பன்னிரண்டு எம்எம் கம்பி, கடல் காற்றைத் தாங்கும் கலவை. எல்லாவற்றையும் தாளில் எழுதிவிட்டார். மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். துரியோதனனின் முதுகு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷமாக அந்தப் பக்கம் தரையோடு ஒட்டியே இருந்தது.

பீமன் வேஷம் கட்டும் மோகனிடம் போய்க் கேட்டார். மோகன் திருக்கழுக்குன்றத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன்.

“என்னை இன்னா கேக்கற அண்ணாத்த? நான் பீமன். அவன் முதுவ நான் பார்த்ததே இல்ல.”

“பதினெட்டு நாள் சண்டை போட்டு ஒரு தபா கூடவா பார்க்கல?”

“ஓடினாத்தானே முதுகு தெரியும்? அவன் எங்க ஓடினான்?”

கண்ணாயிரம் இதில் நியாயம் இருப்பதாக நினைத்தார். விடுதியின் மதிற்சுவரோடு ஒட்டிச் சிலையைக் கட்டினார். முதுகு இருக்கவேண்டிய இடத்தில் சுவர்.

கால்களும் தொந்தரவு கொடுத்தன. படுத்திருப்பவனின் பாதங்கள் இரண்டு பக்கமும் விரிந்து சாயும். அவர் கைக்கு அந்தக் கால்கள்தான் தெரியும். நின்ற துரியோதனனுக்கும் அவையே வந்தன. பார்ப்பதற்கு ஆட ஆரம்பிக்கப்போகிறவன் போல இருந்தான். ஹேமந்த் அது நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டான். வழக்கமாக உள்ளங்காலில் ராஜ ரேகைகள் வரைவார். இனி அவை தெரியாது. இருந்தாலும் பீடத்தின் மேல் ரேகைகளைக் கீறிவிட்டு அதன்மேல் பாதங்களைக் கட்டினார்.

மாசி முடிவதற்குள் வேலை முடிந்தது. கண் திறந்தார். பிறகு முதல்முறையாகத் தன் பெயரை எழுதினார். பதினான்கு அடிச் சிலையில், தரையில் நின்று எழுத வாகான உயரத்தில் இருந்தது இடது தொடை. ஈரப் பூச்சில் ஆணியால் ‘கண்ணாயிரம்’ என்று எழுதி, கீழே வருஷத்தைப் போட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் சிலைக்கு எதிரே இருந்த சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மணி பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. விடுதியில் சாப்பாட்டு மணி அடித்தார்கள். துரியோதனன் அப்படியே நின்றான். ஒரு துரியோதனனின் நிழல் கிழக்கே விழுவதைக் கண்ணாயிரம் அன்றுதான் பார்த்தார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். செக்யூரிட்டி இரண்டு முறை வந்து யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டான்.

பங்குனியில் ஹேமந்திடமிருந்து போன் வந்தது.

“அண்ணா, லீக் ஆகுது.”

“எது?”

“உங்க துரியோதனன். தொடையில செவப்பா ஒரு கறை. பெயிண்ட் அடிச்சாச்சு, திரும்பவும் வருது. ஒரு கெஸ்ட் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லிச் சிரிக்கிறாரு.”

கண்ணாயிரம் பஸ் பிடித்துப் போனார். இடது தொடையில், அவருடைய பெயருக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு. தொட்டுப் பார்த்தார். ஈரம். விரலை மோந்து பார்த்தார். குங்குமம்.

தொடைக்குள் கலயம் வைத்திருக்கிறார்.

எப்போது வைத்தார் என்று அவருக்கு நினைவே இல்லை. கலயம் வாங்கியது நினைவில்லை. குங்குமம் கரைத்தது நினைவில்லை. அவருக்குத் தொடை என்றால் உள்ளே கலயம். கை அதைத் தானாகச் செய்திருக்கிறது. மண் கலயம் கசியும். படுகளத்தில் மூன்று மணி நேரக் கசிவை யார் பார்க்கப்போகிறார்கள்? இங்கே அது ஒரு மாதமாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் கம்பியும் இல்லை. மேலே அரை அங்குலப் பூச்சு மட்டும். பத்து வருஷம் நிற்கவேண்டிய சிலையில் உடைவதற்கு ஓர் இடத்தை அவரே ஒழுங்காகச் செய்து வைத்திருந்தார்.

ஹேமந்திடம் உப்புக் காற்று என்று சொன்னார். மேலே இன்னொரு பூச்சுப் பூசி, பெயரைத் திரும்ப எழுதிவிட்டு வந்தார். நான்கு நாளில் கறை திரும்ப வந்தது.

இந்த முறை சந்திரம்மா பார்த்துவிட்டாள். ஊரில் அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், அவனுக்குத் தொடையில் ரத்தம் வருகிறது என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப்பின் ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோவில் போர்வெல் மோட்டார் ஏன் எரிந்தது என்று விளங்கியது. ஒரு கல்யாணம் ஏன் தள்ளிப்போனது, பத்தாம் வகுப்பில் ஏன் நான்கு பேர் கணக்கில் தவறினார்கள் என்று விளங்கியது. அந்த நான்கு பேரும் இதை முதலில் நம்பினார்கள்.

தர்மகர்த்தா லட்சுமணன் கண்ணாயிரத்தைக் கோவிலுக்கு வரச் சொன்னார்.

“கண்ணு தொறந்தியா?”

“தொறந்தேன்.”

“தொடை?”

“நல்லாத்தான் கீது.”

“அதான்யா பேஜாரு. கண்ணு தொறந்து ரெண்டு மாசமா ஒருத்தன் அங்க உசுரோட நின்னுகினு கீறான். இங்க கொடி ஏத்தி இன்னொருத்தனை எப்டிப் படுக்க வைக்கறது? ஊருக்கு ஒரு துரியோதனன்தான்.”

“அது ஊர் இல்லீங்களே. ரிசார்ட்டு.”

“செஞ்ச கை எந்த ஊரு?”

கண்ணாயிரம், “வேணும்னா கண்ணு மேல வெள்ளை அடிச்சு மூடிடறேன்” என்றார்.

“கண்ணை மூடினா அது காந்தாரியா ஆயிடும்” என்றான் பக்கத்தில் நின்ற மோகன்.

“நீ சும்மா கெட. இதப் பாரு கண்ணாயிரம். அவன் தொடை உடையணும். இல்லாங்காட்டி இந்த வருஷம் உன்னை மண்ணு மிதிக்க விடமாட்டேன். மதுராந்தகத்துப் பக்கத்துலேர்ந்து வேற ஆளு கூட்டியாந்துடுவேன்.”

நிற்பது ஒன்று வேண்டுமென்றால் படுப்பது கிடையாது. கண்ணாயிரம் இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் லட்சுமணனிடம் போய், “நான் தடுக்க மாட்டேன். ஆனா நான் ஒடைக்கவும் மாட்டேன்” என்றார். மனதுக்குள் அவர் பன்னிரண்டு எம்எம் கம்பியை நம்பினார். மோகனின் கதாயுதம் முருங்கைக் கட்டையும் காகிதக்கூழும்தான். பீமன் தோற்றுத் திரும்பட்டும். பிறகு லட்சுமணனே வேறு வழி கண்டுபிடிப்பார்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், லட்சுமணனின் லோடு வண்டியில் போனார்கள். மோகன் முழு வேஷத்தில் இருந்தான். கிரீடம், புஜக்கட்டை, முகத்தில் சிவப்பு. வேஷம் கட்டாமல் உடைத்தால் மோகன் என்கிற ஆட்டோ டிரைவர் மேல்தான் கேஸ் வரும், கட்டினால் பீமன் மேல் வரும் என்பது அவன் வாதம். திரௌபதி வேஷக்காரருக்கு அன்று அணுமின் நிலையத்தில் டூட்டி. கண்ணாயிரம் வண்டியின் பின்னால், மிருதங்கக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கேட்டில் என்ன பொய் சொல்வது என்று லட்சுமணன் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். செக்யூரிட்டி பீமனைப் பார்த்ததும் சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்தான். “புரோகிராமா? கார் பார்க்கிங் லெப்ட்ல” என்றான்.

டீ நேரம். புல்தரையில் முப்பது, நாற்பது பேர் இருந்தார்கள். மிருதங்கம் கேட்டதும் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு சிலைக்கு முன்னால் கூடிவிட்டார்கள். கண்ணாயிரம் பழைய சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக உடைப்பதைப் பார்க்கப்போகிறார்.

மோகன் மூன்று சுற்று ஆடிவிட்டு ஓங்கி அடித்தான். டொக் என்றது. கைதட்டல். இரண்டாம் அடி. கதையின் தலை கழன்று நீச்சல் குளத்தில் விழுந்தது. அதற்கு இன்னும் பெரிய கைதட்டல். லட்சுமணன் வண்டிக்கு ஓடி ஜாக்கி லிவரை எடுத்து வந்தார்.

மோகன் லிவரால் அடித்தான். அடி முட்டியில் விழுந்தது. முட்டியின் ஓரம் சிதறியது. திரும்ப அடித்தான், அதே முட்டி. கண்ணாயிரம் பெஞ்சின் நுனிக்கு வந்தார். முட்டி வைக்க அவருக்கு ஆறு நாள் ஆகியிருந்தது. படுத்தவனுக்கு முட்டி ஒரு மேடு, அவ்வளவுதான். நிற்பவனின் முட்டியை அவர் தன் காலைத் தடவிப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்.

மூன்றாம் அடிக்கு லிவர் ஓங்கியபோது அவர் எழுந்துவிட்டார்.

“டேய், முட்டியில அடிக்காதடா! கண்ணு தெரியல? மேல, செவப்பா கீதே, அங்க!”

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது.

ஒரே அடி. அரை அங்குலப் பூச்சு அவருடைய பெயரோடு உதிர்ந்தது. கலயம் உடைந்தது. இரண்டு மாதத்தில் கெட்டியாகியிருந்த குங்குமத் தண்ணீர் குபுக்கென்று வெளியே வந்து மோகனின் மார்பிலும் ஒரு விருந்தாளியின் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது. சிலர் அலறினார்கள். அந்த விருந்தாளி மட்டும் சட்டையைக் கையால் இழுத்துப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

“கூந்தல் முடியணும். யாரு முடியறது?” என்று லட்சுமணன் சுற்றிப் பார்த்தார்.

சந்திரம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள். சீருடையின் தலை வலையைக் கழற்றினாள், கொண்டையை அவிழ்த்தாள், இரண்டு கையாலும் சிவப்பைத் தொட்டுத் தலையில் தடவி முடிந்துகொண்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் போனைக் கீழே இறக்கினார்கள். பிறகு அவள், “யாரும் மிதிக்காதீங்க, தரையெல்லாம் கறையாயிடும்” என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

ஹேமந்த் ஓடி வருவதைப் பார்த்து லட்சுமணன் வேட்டியை மடித்துக் கட்டினார். மோகன் வண்டி இருந்த பக்கம் இரண்டு அடி நகர்ந்தான்.

“அண்ணா” என்று மூச்சு வாங்கினான் ஹேமந்த். “அடுத்த சனிக்கிழமையும் வர முடியுமா?”

அந்த வருஷம் கொடி ஏறியது. வைகாசியில் கண்ணாயிரத்தின் முப்பத்திரண்டாவது மண் துரியோதனன் மைதானத்தில் படுத்தான், பதினோரு மணிக்குத் தீர்ந்தான். அதில் ஒரு குறையும் இல்லை.

விடுதியில் இப்போது சனிக்கிழமை தோறும் ஐந்து மணிக்குப் படுகளம். கண்ணாயிரம் செவ்வாய்க்கிழமை போய்ப் புதுத் தொடை வைத்துவிட்டு வருவார். கலயத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் சுற்றிவிடுவதால் கசிவு இல்லை. ஹேமந்த் அதைத் தரமான வேலை என்று பாராட்டினான். முட்டியை யாரும் தொடுவதில்லை. மோகன் பழகிவிட்டான். பெயர் எழுத வேறு இடம் பார்க்கலாமே என்று சந்திரம்மா கேட்டாள். பீடத்தில் எழுதலாம், அது உடையாது. கண்ணாயிரம் யோசிப்பதாகச் சொன்னார். ஆனால் செவ்வாய்க்கிழமை வந்தால் ஆணி தொடைக்குத்தான் போனது. வாரா வாரம் எழுதியதில் கையெழுத்து நன்றாகத் திருந்திவிட்டது.

லட்சுமணன் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். புதுத் தொடை வைத்தால் அவன் திரும்ப எழுந்துவிட்டான் என்று அர்த்தம். எழுந்தவனைச் சனிக்கிழமை தாண்டவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு மணிக்குப் போன் செய்து கேட்பார். உடைந்தது என்ற பதில் வந்த பிறகுதான் கோவிலில் விளக்கு ஏற்றுவார்கள்.

ஐப்பசி பாதி போயும் மழை இல்லை. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்குக் கடல் பக்கம் கறுத்தது. கண்ணாயிரம் அன்று முட்டியில் ஒரு கீறலைச் சரிசெய்ய விடுதிக்குப் போயிருந்தார். நாலே முக்காலுக்கு மழை பிடித்துக்கொண்டது. விருந்தாளிகள் உள்ளே ஓடிவிட்டார்கள். மோகன் வழியில் பூஞ்சேரியைக்கூட இன்னும் தாண்டவில்லை என்று போனில் சொன்னான். கேன்சல் என்று ஹேமந்த் அறிவித்தான்.

கண்ணாயிரம் செக்யூரிட்டி கூண்டின் ஓரத்தில் ஒதுங்கி நின்று பார்த்தார். துரியோதனன் நனைந்துகொண்டிருந்தான். தொடை முழுசாக இருந்தது. பெயரின் எழுத்துகளில் தண்ணீர் நிறைந்து ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மறுபடியும் ஆள் வர ஏழு நாள் ஆகும்.

ஆறு மணிக்கு போன் அடித்தது.

“கண்ணாயிரம், ஒடைஞ்சுதா?”

கண்ணாயிரம் சிலையைப் பார்த்தார்.

“ஒடைஞ்சுது” என்றார்.

“அதான பார்த்தேன்” என்றார் லட்சுமணன். பின்னால் ஓட்டின் மேல் தண்ணீர் கொட்டும் சத்தத்தில் அவர் கத்தவேண்டியிருந்தது. “இங்க ஏரிக்குத் தண்ணி வந்துகினு கீதுய்யா!”